பெரியவா பேர் முதல்ல

கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று பத்மாஸினிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து தலைமுறைக் கணக்கில் தங்கிவிட்ட குடும்பம் அது. அவள் கல்யாணத்திலேயே, தன் பெயர் தம்பி பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது என்று ஒரு சித்தப்பா முகூர்த்தத்தன்று காலையில் காபிகூடக் குடிக்காமல் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துவர நாலு பேர் டாக்ஸி பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் பெயர் முதலில், மற்றவர்கள் பிறகு. அந்த வீடுகளில் இது காலையில் பல் தேய்ப்பது மாதிரி, யாரும் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமில்லை.

அதனால்தான் எண்பத்தெட்டில் தன் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் அடித்து முடித்தபோது, ஆசிரியர்கள் என்ற இடத்தில் எஸ். ஸ்ரீனிவாசராகவன் என்று முதலில் அடித்து, ஒரு கமா போட்டு, தன் பெயரைப் பின்னால் அடித்தாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளே செய்தாள், சந்தோஷமாகவே செய்தாள். அந்த ஒரு கமா அடுத்த பத்து வருஷம் தன் தலையில் மிளகாய் அரைக்கப்போகிறது என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஸ்ரீனிவாசராகவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். மைசூரில், ஹுணசூர் ரோட்டில், யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு மண்ணியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் டைரக்டர். பத்மாஸினி அங்கே விஞ்ஞானி. ஆபீஸில் அவர் அவளுக்கு சார். வீட்டில் அத்திம்பேர், அதாவது அவள் பெரியம்மா பெண் வேதவல்லியின் புருஷன். அவள் பரீட்சை எழுதி, வெளியூர்க்காரர்கள் எடுத்த இன்டர்வியூவில் தேறி உள்ளே வந்தவள். அந்தச் சமயத்தில் அத்திம்பேர் ஊரிலேயே இல்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவர்தான் அவளை உள்ளே நுழைத்தார் என்றே சொன்னார்கள். அவரும் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு வெற்றிலையை மடிப்பார்.

பத்மாஸினியின் வேலை கல் பார்ப்பது. வீட்டில் விசேஷம் என்றால் மடிசார், காட்டில் சல்வாரும் கான்வாஸ் ஷூவும். சர்கூர் பக்கம் வருஷத்தில் பாதி நாள் வெயிலில் நடந்தாள். சுத்தியலால் தட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து, வரைபடத்தில் குறித்து, மாலையில் தலை நிறையப் புழுதியோடு ஜீப்பில் திரும்புவாள். ஜீப் ஓட்டியவர் சித்தையன். ஹனூர்க்காரர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர், தலை நரைத்த மனுஷர். கல் விஷயம் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை கிடையாது. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

டைரக்டரும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுக்கு வருவார். வந்து? சாலை ஓரத்தில் ஒரு குன்று, அதன் அடியில் பசவண்ணன் கோவில், பக்கத்தில் ஒரு கல் மண்டபம். ஜீப் அங்கே நிற்கும். அவர் மண்டபத்தில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிடுவார். பிளாஸ்கிலிருந்து காபி குடிப்பார். வெயில் தொப்பி ஒன்று வைத்திருந்தார், அதைக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. மூணு மணிக்கெல்லாம் "கெளம்பலாமா, ராகு காலம் வந்துடும்" என்பார். பத்து வருஷத்தில் அவர் நின்றது அந்த ஒரே இடம், தொட்டது அந்த ஒரே டப்பா. இவர் பெயரைத்தான் அவள் முதலில் போட்டுக்கொண்டே வந்தாள், ஒன்றில் இல்லை, எல்லாக் கட்டுரையிலும்!

அவற்றில் ஒன்று பெரிய பெயர் வாங்கியது. கோவிலைத் தாண்டி வெகு தூரம் நடந்தால், லிங்கம்மா என்ற அம்மாளின் ராகிக் காட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஒரு பாறைத் திட்டு இருந்தது. வெள்ளைப் பாறைக்குள் கறுப்புக் கல் துண்டு துண்டாகச் சிக்கிக் கிடந்தது. கான்கிரீட்டுக்குள் ஜல்லி கிடந்தால், ஜல்லிதானே முன்னால் இருந்திருக்க வேண்டும்? அப்படியானால் இந்தக் கறுப்புக் கல் அந்த வட்டாரத்திலேயே மிகப் பழையது. அதுவரை எல்லாரும் அதைப் பிந்தியது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்மாஸினி அந்தத் திட்டைச் சாண் சாணாக வரைந்தாள். லிங்கம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, வெயிலில் மூக்குத் தோல் உரிய உரிய வரைந்தாள். கட்டுரை தொண்ணூற்றொன்றில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதற்குப் பிறகு தென்னிந்தியப் பாறைகளைப் பற்றி எவர் எழுதினாலும் அதைக் குறிப்பிடாமல் எழுத முடியவில்லை.

ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அதற்கு சைட்டேஷன் என்று பெயர். உலகம் பூராவும் அப்படி யார் யாரை எத்தனை தடவை குறிப்பிட்டார்கள் என்று எண்ணி, தடித் தடிப் புத்தகமாக அச்சடித்து விற்றார்கள். பொடி எழுத்து, பூச்சி மாதிரி. அந்தப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. கட்டுரையில் முதலில் இருக்கிற பெயருக்குத்தான் கணக்கு. கமாவுக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் மாதிரி, அவர்களுக்கு அங்கே இடமே இல்லை.

தொண்ணூற்றைந்தில் டெல்லியிலிருந்து சர்க்குலர் வந்தது. இனிமேல் பதவி உயர்வுக்கு சைட்டேஷன் எண்ணிக்கை வேண்டும். ஆபீஸ் கிளார்க் மஞ்சுநாத்தை பெங்களூர் லைப்ரரிக்கு அனுப்பி எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவன் திரும்பி வந்து பத்மாஸினி மேஜை முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, கன்னடம் கலந்த தமிழில் சொன்னான்:

"மேடம், உங்க பேர்ல ஒண்ணுமே இல்லா மேடம். திரும்பத் திரும்ப நோடிதே, பாத்துட்டேன். டைரக்டர் சாருக்குத்தான் பக்கம் பக்கமா இருக்கு."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஸ்ரீனிவாசராகவன், இருநூற்றுப் பதினாலு. பத்மாஸினி, இல்லை. அதாவது, ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷ வெயில், உரிந்த மூக்கு, அனகா என்ற ஒரே பெண்ணைக் காய்ச்சலோடு மாமியாரிடம் விட்டுவிட்டுப் போன நாட்கள், எல்லாம் சேர்ந்து இல்லை!

நேராக டைரக்டர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பேப்பர்ல ஒரு கல்லையாவது நீங்க கையால தொட்டிருக்கேளா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தனம் தடவின குரலில் சொன்னார்: "பத்மா, நம்பர் எங்கிட்டேர்ந்தா வந்தது? எவனோ வெளிநாட்டுக்காரன் எண்ணினது. அவனுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது."

"சரி, புரமோஷன் கமிட்டியில நீங்களும்தானே உட்காரப்போறேள். வேலை அவளோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போதும்."

"அது நன்னாருக்குமா? முதல் பேர் யாரோ, வேலை அவாளோடது. உலகமே அப்படித்தான் எடுத்துக்கறது. இதுல போய் நான் என்ன சொல்றது?"

முதல் பேர் யாரோ, வேலை அவாளோடது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்மாஸினி வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் அவளுக்குப் பதவி உயர்வு இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. டைரக்டருக்கோ, அதிகமாகக் குறிப்பிடப்பட்ட மண்ணியலாளர் என்று டெல்லியில் தங்கப் பதக்கம் போட்டு, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். வேதவல்லி வீட்டில் விருந்து. அக்காரவடிசல் மணக்க மணக்க, பத்மாஸினிதான் பந்தியில் பரிமாறினாள். வேறு யார் பரிமாறுவார்கள்? இலை முன்னால் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், "சர்கூர் காட்டுல அந்த வெயில்ல அலைஞ்சு கண்டுபிடிச்சாராமே!" என்று டைரக்டரைப் பார்த்து நெகிழ்ந்து போனார். டைரக்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பத்மாஸினிக்கு நெய்க் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று கை பரபரத்தது.

"என்ன இருந்தாலும் உங்க அத்திம்பேர் மூளையே மூளைடி" என்றாள் வேதவல்லி, சமையலறையில்.

"மூளை அவரோடது, காலு என்னோடதா அக்கா?"

"எதுக்குடி இப்படிப் பொருமறே? குடும்பத்துக்குள்ள கணக்குப் பார்ப்பாளா யாராவது?"

வீட்டுக்கு வந்தால் புருஷன் வரத், சாதுவான மனுஷர், வேறு பாட்டுப் பாடினார். "விட்டுத் தள்ளு பத்மா. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பெருமாளுக்குத் தெரியும்."

"பெருமாள் கமிட்டியில இல்லையே!" என்று கத்திவிட்டாள். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த அனகா எட்டிப் பார்த்து, "ஹோக்லி பிடும்மா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். போகட்டும் விடும்மா. ஏன் போகட்டும்? எதற்குப் போகட்டும்? எல்லாரும் அவளையே போகட்டும் என்று சொல்லச் சொன்னார்கள். வைத்துக்கொண்டிருக்கிறவரிடம் போய்த் திருப்பிக் கொடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழில் இன்னொரு உத்தரவு வந்தது. சைட்டேஷன் ஒன்றுகூட இல்லாத விஞ்ஞானிகளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு. அடுத்த கமிட்டியிலும் தேறாவிட்டால் வெளிவேலையை நிறுத்திவிட்டு மேப் ரூமுக்கு மாற்றிவிடுவார்கள். மேப் ரூம் என்றால் அலமாரிக்கு நடுவில் உட்கார்ந்து பழைய வரைபடங்களுக்கு நம்பர் ஒட்டுவது. ஜீப் கிடையாது, சுத்தியல் கிடையாது. இனி ஆயுசுக்கும் ஒரு பாறை முன்னால் போய் நிற்க முடியாது. பதவி உயர்வு கிடக்கட்டும், அது இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டவில்லையா? ஆனால் கல்லை அவளிடமிருந்து பிடுங்குவதா?

இதற்கிடையில் ஒன்று நடந்திருந்தது. அதற்கு முந்தின வருஷம் நார்வேயிலிருந்து இரண்டு மண்ணியலாளர்கள் அந்தப் புகழ்பெற்ற பாறையைப் பார்க்க வந்தார்கள். கடிதம் யாருக்குப் போகும்? முதல் பெயருக்குத்தான். பத்மாஸினி அந்த வாரம் வைரமுடி உற்சவத்துக்கு மேல்கோட்டை போயிருந்தாள். திரும்பி வந்த பிறகு, டைரக்டரே விருந்தாளிகளை அழைத்துப் போய்க் காட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். தன்னைக் கேட்டிருக்கலாமே என்று மனசு சுருங்கியது. அதோடு மறந்தும் போனாள்.

உத்தரவு வந்து சில வாரம் கழித்து, லைப்ரரியில் புதிதாக வந்த பத்திரிகையைப் புரட்டினாள். அந்த நார்வேக்காரர்கள் எழுதியிருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம், அங்கே கறுப்புக் கல் வெள்ளைக்குள் துண்டாகச் சிக்கியிருக்கவில்லை, வெள்ளையை நேர்க்கோடாக வெட்டிக்கொண்டு போகிறது, விரிசல் விட்ட சுவரில் பிறகு பூசின சிமெண்ட் மாதிரி அது பிந்தி வந்த கல், முதல் வருஷ மாணவன்கூடச் செய்யாத தவறு இது. அச்சு எழுத்தில், உலகம் பூராவும் படிக்கிற பத்திரிகையில்!

அதற்குக் கீழேயே டைரக்டரின் பதில் இருந்தது. அவளைக் கேட்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதிய பதில். கிட்டத்தட்ட இப்படி:

"எங்கள் நாட்டில் பெரியவர்களின் பெயரை முதலில் போடுவது மரியாதைக்காக மட்டுமே. எங்கள் நிலையத்திலிருந்து வந்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் என் பெயர் அப்படித்தான் இடம்பெற்றது. களத்தில் பார்த்தது, வரைபடம் வரைந்தது, முடிவுக்கு வந்தது அத்தனையும் இரண்டாவது ஆசிரியரான பத்மாஸினியின் வேலை. இதிலுள்ள பிழைகளுக்கு நான் எந்த வகையிலும் பொறுப்பல்ல."

பதக்கம் வாங்கும்போது முதல் பெயர்க்காரர்தான் வேலை செய்தவர். உதை விழும்போது முதல் பெயர் வெறும் மரியாதை! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். பத்மாஸினிக்கு அழுகை வரவில்லை. காதிரண்டும் கொதித்தன. லைப்ரரியில் சத்தம் போடக் கூடாது என்று ஒரு போர்டு தொங்கியது, அதைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தாள்.

பிறகு நார்வேக்காரர்கள் எழுதியதைத் திரும்பப் படித்தாள். குன்று, சாலை ஓரம், அடியில் கோவில். கோவிலா? லிங்கம்மாவின் காட்டில் ஏது கோவில்?

வெளியே வந்து சித்தையனைத் தேடினாள். அவர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தையன், போன வருஷம் ரெண்டு வெள்ளைக்காரா வந்தாளே, அவாளை எங்கே அழைச்சுண்டு போனேள்?"

"ஏனுங்மா, பசவண்ணங் கோயிலுக்குத்தானுங்க. நாம எப்பவும் வண்டி நிறுத்தறமே, அங்கதானுங்."

"லிங்கம்மா காட்டுக்குப் போகலையா?"

"இல்லீங்களே. டைரக்டரய்யா கோயில்கிட்ட நிறுத்தச் சொன்னாருங்க. அந்தக் குன்றக் கையக் காட்டி, அதான் கல்லுன்னு சொன்னாருங்க. அப்புறம் மண்டபத்துல உக்காந்து புளிச்சோத்தத் தின்னாருங்க. தொரைங்க ரெண்டு பேரும் மேல ஏறிக் கொட்டு கொட்டுன்னு கொட்டிட்டு எறங்கி வந்தாங்க. நானென்னத்தக் கண்டனுங்? எனக்கு எல்லாக் கல்லும் கல்லுதானுங்."

பத்மாஸினி ஜீப்பின் பானட்டைப் பிடித்துக்கொண்டாள். கோவில் குன்றில் கறுப்புக் கல் வெள்ளையை வெட்டிக்கொண்டுதான் போகும். அது வேறு கல், வேறு காலம், அதைப் பற்றி அவள் எழுதவே இல்லை. நார்வேக்காரர்கள் பார்த்தது சரி, எழுதினதும் சரி, போன இடம்தான் தப்பு. ஆறு வருஷமாகத் தன் பெயரில் இருக்கிற பாறை எங்கே இருக்கிறது என்று முதல் ஆசிரியருக்குத் தெரியவில்லை! கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. புளியோதரை தின்ற இடத்தைக் கையைக் காட்டிவிட்டார்.

"சிரிக்கறீங்களா, அழுவறீங்களாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார் சித்தையன்.

"எனக்கே தெரியலை" என்றாள் அவள்.

அன்றே நார்வேக்கு எழுதினாள். யாருடைய உத்தரவையும் கேட்கவில்லை, ஆபீஸ் தாளையும் தொடவில்லை. திட்டின் வரைபடத்தையும் போட்டோக்களையும் வைத்து, நீங்கள் பார்த்தது வேறு குன்று, நேரில் வந்தால் காட்டுகிறேன் என்று எழுதித் தபால் ஆபீஸில் தானே ஸ்டாம்பு ஒட்டினாள். பொங்கல் கழிந்து அந்த இருவரில் மூத்தவர் வந்தே விட்டார். நெடுநெடு உயரம், சிவந்த முகம். லிங்கம்மாவின் ராகி அறுவடை ஆகியிருந்தது. தாள்கட்டைகளுக்கு நடுவே அவரை நடத்திக் கூட்டிப்போனாள். திட்டின் முன்னால் அவர் மண்டி போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தபோது முழங்கால் மண்ணைத் தட்டாமல் அவள் பக்கம் திரும்பி, "அன்றைக்கு ஏன் எங்களை இங்கே கூட்டி வரவில்லை?" என்று கேட்டார்.

"அன்றைக்கு உங்களோடு வந்தவர் இங்கே வந்ததே இல்லை" என்றாள் பத்மாஸினி. சுருக்கமாகத்தான் சொன்னாள். அதைச் சொல்ல எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

மனுஷன் கண்ணியமானவர். அடுத்த இதழிலேயே எழுதினார்: எங்களுக்குக் காட்டப்பட்டது வேறு குன்று, பத்மாஸினி கண்டது சரி, எங்கள் கண்டனத்தைத் திரும்பப் பெறுகிறோம். அந்த இதழ் மைசூர் வந்து சேர்ந்த அன்று டைரக்டர் அறையிலிருந்து ஆள் வந்து அவளைக் கூப்பிட்டான். போனாள். மேஜையில் ஒரு டப்பா மைசூர் பாக் திறந்திருந்தது.

"பாத்தியா பத்மா, நம்ம பேப்பர் ஜெயிச்சுடுத்து! எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

நம்ம பேப்பர்! தூற்றினால் உன்னுடையது, போற்றினால் நம்முடையது. பத்மாஸினி மைசூர் பாக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். சொல்ல வேண்டிய இடம் வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் கமிட்டி கூடியது. வெளியூரிலிருந்து மூன்று பேர், அவர்களோடு டைரக்டர். பேச்சு எல்லாம் இங்கிலீஷில்தான், நான் தமிழில் சொல்கிறேன். கமிட்டித் தலைவர் வயசானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மஞ்சுநாத் எண்ணி வந்த தாளைப் பார்த்தார்.

"உங்கள் பெயரில் சைட்டேஷன் எதுவும் இல்லையே, அம்மா."

"என் பெயரில் இல்லை. என் வேலைக்கு இருக்கிறது."

"வேலை உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?"

பத்மாஸினி பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தாள். டைரக்டரின் பதில் வந்திருந்த பக்கத்தைத் திறந்து, கமிட்டித் தலைவரிடம் கொடுக்காமல், மேஜையைச் சுற்றிப் போய் டைரக்டர் முன்னால் வைத்தாள்.

"சார் எழுதினது. சாரே வாசிக்கட்டும்."

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அந்தப் பக்கத்தை மறந்தே போயிருந்தார் போல. யாரோ நார்வேக்காரனுக்கு எழுதினது மைசூர் மேஜைக்கு வந்து சேரும் என்று நினைத்திருக்க மாட்டார். கமிட்டித் தலைவர், "வாசியுங்கள்" என்றார். வேறு வழி? வாசித்தார். மரியாதைக்காக மட்டுமே என்ற இடத்தில் இருமினார். கட்டுரைகள் எல்லாவற்றிலும் என்ற இடத்தில் தண்ணீர் குடித்தார். அத்தனையும் பத்மாஸினியின் வேலை என்ற இடத்தை அவசரமாகத் தாண்டப் பார்த்தார். "மறுபடி ஒருமுறை, நிதானமாக" என்றார் கமிட்டித் தலைவர்.

வாசித்து முடித்ததும் கமிட்டித் தலைவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தார்.

"இது உண்மையா?"

"அது வந்து... அப்போ இருந்த ஒரு சூழ்நிலையில..."

"சூழ்நிலையைக் கேட்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டு அச்சுக்குக் கொடுத்தது உண்மையா, பொய்யா?"

பொய் என்றால் உலகப் பத்திரிகையில் பொய் எழுதினவர் ஆகிவிடுவார். உண்மை என்றால் இருநூற்றுப் பதினாலும் போய்விடும். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் சர்கூர் வெயிலில் அவர் ஒரு நாளும் அப்படி வியர்த்ததில்லை.

"உண்மைதான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"உரக்கச் சொல்லுங்கோ சார்" என்றாள் பத்மாஸினி. இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

உத்தரவு வர இன்னும் பல மாசம் இழுத்தடித்தார்கள், ஆனால் வந்தது. மேப் ரூமுக்குப் போக வேண்டியதில்லை. ஜீப்பும் சுத்தியலும் அவளுக்கே. அதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் லைப்ரரியில் அந்தத் தடிப் புத்தகம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, ஸ்ரீனிவாசராகவன் பெயர் பக்கம் பக்கமாக, பத்மாஸினி என்ற பெயரே இல்லாமல். அச்சில் ஏறினதை யார் வந்து அழிப்பார்கள்? தங்கப் பதக்கமும் வேதவல்லி வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேதவல்லி மட்டும் பல மாசம் தங்கையோடு பேசவில்லை. ஆம்படையானை நாலு பேர் முன்னால் வாசிக்க வைத்துவிட்டாளாம்.

மறுபடி அவள் பேச வந்தது பத்மாஸினியின் அடுத்த கட்டுரை அச்சாகி வந்தபோது. கட்டுரைக்கு மேலே ஒரே பெயர்தான், கமா இல்லை. வேதவல்லிக்குக் கட்டுரை புரியாது. ஆனால் கடைசியில் நன்றி சொல்லும் வரியைப் புருஷன் காட்டி அனுப்பியிருந்தார். அதில் களப்பணிக்கு ஜீப் ஓட்டி உதவிய சித்தையனுக்கும், ஜீப்பைத் தந்து உதவிய டைரக்டர் ஸ்ரீனிவாசராகவனுக்கும் நன்றி என்று இருந்தது.

"ஏண்டி, இது உனக்கே நன்னாருக்கா?" வேதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலை உன்னோடதுங்கறே, சரி, உன் பேரைப் போட்டுண்டே. அவர் பேரை நன்றியில போட்டே, அதுவும் சரி. ஆனா டிரைவர் பேருக்கு அப்புறமாவா போடுவே அவர் பேரை?"

பத்மாஸினி காபியை ஆற்றி அக்கா கையில் கொடுத்தாள்.

"சித்தையன் அத்திம்பேரைவிட ரெண்டு வயசு மூத்தவர்க்கா. பெரியவா பேர்தானே முதல்ல வரணும்?"